இரண்டு கிழட்டுக் கப்பல்கள்: யமாட்டோவும் கேலக்டிகாவும்

போர் வெடித்த நாளில் கேலக்டிகாவிடம் சுடுவதற்குக் குண்டு இல்லை. தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் வரும், அரை நூற்றாண்டு ஓடிய அந்த விண்போர்க்கப்பலைப் பணியிலிருந்து விடுவிக்கும் விழா அப்போதுதான் நடந்து முடிந்திருந்தது. அதன் இரண்டு விமானத் தளங்களில் ஒன்றை அருங்காட்சியகமாக மாற்றி, நினைவுப்பொருள் கடையும் போட்டுவிட்டார்கள். விழாவுக்கு அரசு அனுப்பி வைத்த விருந்தினர் கல்வி அமைச்சர். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டும் இடமாக ஒரு போர்க்கப்பல் கணக்கில் மாற்றி எழுதப்பட்டுவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

யமாட்டோவின் நிலைமை இன்னும் மோசம். 1974 அக்டோபர் 6 அன்று ஜப்பானில் ஒளிபரப்பாகத் தொடங்கிய ‘விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோ’ என்ற அனிமேஷன் தொடரில், கப்பல் எப்போதோ செத்துவிட்டது. வற்றிப்போன கடலின் தரையில் துருப்பிடித்துக் கிடக்கிறது. கதை நடக்கும் ஆண்டு 2199. கமிலாஸ் என்ற அயல்கிரகத்தார் எறிந்த குண்டுகளால் பூமியின் மேற்பரப்பு கதிரியக்கத்தில் வெந்துபோய்விட்டது. மிஞ்சிய மனிதர்கள் நிலத்தடி நகரங்களில் பதுங்கியிருக்கிறார்கள். இன்னும் ஓராண்டில் கதிரியக்கம் அங்கும் இறங்கிவிடும். அந்தத் துருக்கூட்டுக்குள் இரகசியமாக ஒரு விண்கலத்தைக் கட்டி, 1,48,000 ஒளியாண்டு தொலைவிலுள்ள இஸ்கண்டார் என்ற கோளுக்கு அனுப்புகிறார்கள். கதிரியக்கத்தை நீக்கும் கருவி அங்கே இருக்கிறது; போய் எடுத்துவர வேண்டும்.

மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒரே கதைதான். கழித்துக்கட்டப்பட்ட கப்பல், ஓய்வுபெற வேண்டிய வயதில் ஒரு தலைவர், அழிவின் விளிம்பில் ஒரு இனம். ஆனால் எந்தப் படையையும் எடைபோடச் சிறந்த வழி அதன் பீரங்கிகளை விட்டுவிட்டு அதன் கிடங்கைப் பார்ப்பது. எரிபொருள் எங்கிருந்து வருகிறது, யார் சமைக்கிறார்கள், உடைந்த பாகத்துக்கு மாற்று எங்கே என்று கேட்க ஆரம்பித்தால் இந்த இரண்டு கப்பல்களும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. யமாட்டோ கிடங்குக் கவலையிலிருந்து விடுபட்ட கப்பலின் கனவு. கேலக்டிகா கிடங்குக் கவலையைத் தவிர வேறெதுவும் இல்லாத கப்பலின் கதை. முன்னதற்கான காரணம் கதையில் கிடைக்காது, வரலாற்றில்தான் கிடைக்கும்.

உண்மையான யமாட்டோ 1941 டிசம்பர் 16 அன்று ஜப்பானியக் கடற்படையில் சேர்ந்தது. உலகம் அதுவரை கண்டதிலேயே மிகப்பெரிய போர்க்கப்பல். முழுச் சுமையில் 70,000 டன்னைத் தாண்டும். 46 சென்டிமீட்டர் வாய் கொண்ட ஒன்பது பீரங்கிகள்; குண்டு 42 கிலோமீட்டர் போய் விழும். ஆனால் அது பணியில் சேர்வதற்கு ஒன்பது நாள் முன்புதான் ஜப்பானிய விமானங்கள் பேர்ல் ஹார்பரைத் தாக்கியிருந்தன. ஆறு நாள் முன்பு, மலாயாக் கரைக்கு அப்பால் ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’, ‘ரிபல்ஸ்’ என்ற இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை விமானங்கள் மட்டுமே மூழ்கடித்திருந்தன. கப்பலோடு கப்பல் பீரங்கியால் மோதும் காலம் முடிந்துவிட்டது என்று ஜப்பானே உலகுக்குக் காட்டிய அதே மாதத்தில், அப்படி மோதுவதற்கென்றே கட்டிய கப்பலை ஜப்பான் பணியில் சேர்த்தது. பிறக்கும்போதே நரை.

அதைவிடக் கொடுமை எண்ணெய். 1942இல் குவாடல்கனால் தீவுக்காக உக்கிரமான சண்டை நடந்துகொண்டிருக்க, யமாட்டோ ட்ருக் தீவில் நங்கூரம் போட்டு நின்றது. அது நகர்ந்தால் குடிக்கும் எண்ணெயை எண்ணி அதை நகர்த்த அஞ்சினார்கள். குளிரூட்டிய அறைகளும் நல்ல சாப்பாடும் கொண்ட அந்தக் கப்பலுக்கு மற்றக் கப்பல்களின் மாலுமிகள் வைத்த பெயர் ‘ஹோட்டல் யமாட்டோ’. எதிரிக் கப்பல்களை நோக்கி அதன் பெரும் பீரங்கிகள் முதன்முதலில் முழங்கியது 1944 அக்டோபரில்தான். 1945 ஏப்ரலில் ஒகினாவாவைக் காக்க அதை அனுப்பியபோது, போவதற்கு மட்டும் போதுமான எண்ணெய் கொடுங்கள், திரும்பிவர வேண்டியதில்லை என்பதுதான் உத்தரவு. தொகுயாமா துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குக்காரர்கள் தொட்டிகளின் அடியில் தேங்கிக் கிடந்ததையெல்லாம் சுரண்டி, உத்தரவை மீறிக் கூடுதலாக நிரப்பி அனுப்பினார்கள். போர்க்கால வரலாற்றில் என்னை மிகவும் உலுக்கும் செய்திகளில் இது ஒன்று. சாகப் போகிறவர்களுக்குக் கிடங்குக்காரர் தரமுடிந்த மரியாதை அதுதான். ஏப்ரல் 7 அன்று விமானப் பாதுகாப்பு இன்றிப் போன யமாட்டோவை அமெரிக்க விமானங்கள் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டன. 2,700க்கும் மேற்பட்ட மாலுமிகள் அதோடு போனார்கள்.

இப்போது கதையின் யமாட்டோவுக்கு வருவோம். எண்ணெய்க்காக ஏங்கிச் செத்த கப்பலுக்கு அதன் மக்கள் மறுபிறவி கொடுக்கிறார்கள். அப்போது அதற்குள் என்ன இயந்திரத்தை வைக்கிறார்கள்? இஸ்கண்டார் அரசி ஸ்டார்ஷா அனுப்பிய வரைபடத்தின்படி கட்டிய ‘அலை இயக்க எந்திரம்’. எரிபொருள் நிரப்ப வேண்டியதில்லை. எங்கும் நின்று குடிக்க வேண்டியதில்லை. ஒளியின் வேகத்தைத் தாண்டித் தாவும் வலிமையும் உண்டு. இதைத் தற்செயல் என்று என்னால் நம்பமுடியவில்லை. தயாரிப்பாளர் நிஷிசாகியும் ஓவியர் மட்சுமோட்டோவும் திட்டமிட்டுச் செய்தார்களா என்பது இங்கே முக்கியமில்லை. ஒரு தேசம் தன் மிகப்பெரிய தோல்வியைக் கனவில் திருத்தி எழுதும்போது, தோல்விக்குக் காரணமான ஓட்டையைத்தான் முதலில் அடைக்கிறது.

ஆகவே இந்தக் கப்பலில் பழையது தோல் மட்டும். முன்பாகத்தின் வளைவு, மூன்று மூன்றாக நிற்கும் பீரங்கிகள், கோபுரம், புகைபோக்கி எல்லாம் 1941இன் வடிவம். புகைபோக்கிக்கு விண்வெளியில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். அதிலிருந்து ஏவுகணை விடுகிறார்கள். உள்ளே இருப்பது மனிதகுலத்திடம் உள்ள மிகப் புதிய இயந்திரம், அதுவும் இரவல். வழக்கொழிந்த போர் இயந்திரம் ஒன்று எதிரியை வெல்லும் கதை இது என்று சொல்வது அதனால் சரியில்லை. வழக்கொழிந்த வடிவத்துக்குள் அயல்கிரகத்தின் தொழில்நுட்பம் வெல்லும் கதை. 2012இல் வெளிவரத் தொடங்கிய மறு ஆக்கம் இதை ஒளிக்கவும் இல்லை. அதில் துருக்கூடு எதிரியை ஏமாற்றுவதற்கான வெறும் மாறுவேடம். கப்பல் முழுக்கப் புதிதாகக் கட்டியது.

இந்தக் கனவில் தட்டுப்பாடே இல்லையா என்றால், ஒன்றே ஒன்றுக்கு உண்டு: நாட்கள். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும், மனிதகுலம் அழிய இன்னும் இத்தனை நாள் என்று திரையில் எழுத்து வரும். கப்பலின் கணக்குப் புத்தகத்தில் இருக்கும் ஒரே பத்தி அது. ஆக்டோபஸ் விண்மீன் கூட்டத்தின் புயலில் சிக்கி நின்றால் செலவாவது எண்ணெயோ அரிசியோ கிடையாது, நாட்கள்தான். நாடகத்துக்கு இது அருமையான உத்தி. பார்ப்பவர் ஒரு எண்ணை மட்டும் நினைவில் வைத்தால் போதும். இதில் வேடிக்கை என்னவென்றால் தொடருக்கே நாட்கள் தட்டுப்பாடாகிவிட்டன. அதே ஞாயிறு மாலை நேரத்தில் இன்னொரு அலைவரிசையில் ஆல்ப்ஸ் மலைச் சிறுமி ஹெய்டியின் கதை ஓடிக்கொண்டிருந்தது. குடும்பம் குடும்பமாக அங்கே உட்கார்ந்துவிட்டார்கள். 39 பகுதிகளாகத் திட்டமிட்ட யமாட்டோவை 26இல் முடிக்கச் சொல்லிவிட்டது நிலையம். கமிலாஸ் படையால் முடியாததை ஓர் ஆட்டுக்காரச் சிறுமி செய்துவிட்டாள்.

மற்றப் பொருட்களைப் பொறுத்தவரை தொடர் தாராளமாக இருக்கிறது. சனிக்கோளின் துணைக்கோள் டைட்டனில் இறங்கிக் கனிமம் தோண்டுகிறார்கள். பீமேலா என்ற இடத்தில் காய்கறி தேடிப் போகிறார்கள். ஆனால் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் அந்தக் காட்சிகளில் இல்லை. கதையை ஒரு புதிய நிலப்பரப்புக்குக் கொண்டுபோகத்தான் அந்த இறக்கம். கப்பலுக்குள்ளேயே தொழிற்சாலை இருக்கிறது. நேற்று சல்லடையாகத் துளைபட்ட உடல் அடுத்த வாரம் பளபளக்கும். அடியில் தொங்கும் மூன்றாவது கட்டளை மேடை எத்தனை முறை பெயர்ந்து விழுந்தாலும் மறுபடி முளைத்துவிடும். ஜப்பானிய ரசிகர்களிடையே அது நிரந்தர நகைச்சுவை. மாலுமிகள் 114 பேர். அவர்களைத் தவிர ஊட்டவேண்டிய வாய் கப்பலில் கிடையாது. பசித்திருப்பவர்கள் பூமியில், திரைக்கு அப்பால்.

ஓர் இடத்தில் மட்டும் யமாட்டோ கிடங்குக்காரரின் கண்ணோடு யோசிக்கிறது. கப்பலின் மூக்கில் உள்ள அலை இயக்கப் பீரங்கி ஒரே வெடிப்பில் ஒரு கண்டத்தையே தூளாக்கும்; வியாழனில் மிதக்கும் கமிலாஸ் தளத்தை அப்படித்தான் அழிக்கிறார்கள். ஆனால் அதைச் சுட எந்திரத்தின் ஆற்றல் முழுவதையும் அதற்குள் திருப்ப வேண்டும். சுட்ட பிறகு கப்பல் சிறிது நேரம் கையாலாகாமல் மிதக்கும். பேராயுதத்துக்கு விலை உண்டு என்ற இந்த ஒரு விதியால்தான் தொடரின் சண்டைகளில் பதற்றம் தங்குகிறது. மறு ஆக்கம் இன்னொன்றும் சேர்த்தது: எந்திரத்தை முதன்முறை உயிர்ப்பிக்க, இருளில் கிடக்கும் உலக நாடுகள் தம்மிடம் மிச்சமிருக்கும் மின்சாரத்தை யமாட்டோவுக்குத் திருப்பி அனுப்புகின்றன. தொகுயாமாவில் தொட்டியின் அடியைச் சுரண்டியவர்களை நினைவில் வைத்திருக்கும் யாருக்கும் அந்தக் காட்சி வெறும் விஞ்ஞானப் புனைவாக இருக்கமுடியாது.

கேலக்டிகாவின் பழமை வேறு ரகம். அது தோலில் இல்லை, நரம்பில் இருக்கிறது. 1978இல் கிளென் லார்சன் உருவாக்கிய பழைய தொடரை விட்டுவிடுவோம். நான் பேசுவது ரொனால்ட் மூரும் டேவிட் ஐக்கும் 2003 டிசம்பரில் குறுந்தொடராகத் தொடங்கி 2009 வரை நடத்திய மறு ஆக்கத்தை. மனிதர்கள் படைத்த சைலான் இயந்திரங்கள் நாற்பதாண்டு அமைதிக்குப் பின் திரும்பி வருகின்றன. படையின் நவீனக் கப்பல்கள் அனைத்தும் ஒரே வழிசெலுத்தும் மென்பொருளை நம்பியிருக்கின்றன. அந்த மென்பொருளில் சைலான்கள் முன்கூட்டியே கதவு வைத்துவிட்டார்கள். ஒரு சுவிட்சைத் தட்டினாற்போல் கப்பல்கள் அணைந்து போகின்றன. புதிய வைப்பர் போர்விமானங்கள் விண்வெளியில் செயலற்றுச் சுழல, எதிரி நிதானமாகச் சுட்டு வீழ்த்துகிறான். கேலக்டிகாவின் கணினிகள் ஒன்றோடொன்று இணைக்கப்படாதவை. உள்ளே பேசச் சுருள் வயர் வைத்த தொலைபேசி. பார்க்க வருகிறவர்களுக்காக ஒரு கணினி வலையாவது போடலாமே என்று கல்வி அமைச்சர் கேட்டபோது, தான் தலைவனாக இருக்கும் வரை கிடையாது என்று மறுத்தவர் கமாண்டர் அடாமா. சைலான்களுடனான முதல் போரில் வலையமைப்பு வழியாகத்தான் எதிரி உள்ளே வந்தான் என்பதை அவர் மறக்கவில்லை.

அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்திருந்த பழைய இரண்டாம் ரக வைப்பர்களை இறக்கி, ஓட்டிச் சண்டைக்குப் போகிறார்கள். புனைவில்தான் இப்படி நடக்கும் என்று நினைக்க வேண்டாம். 1980களில் அமெரிக்கா தன் அயோவா வகைப் போர்க்கப்பல்களை மீண்டும் பணிக்கு எடுத்தபோது, அருங்காட்சியகமாக நின்ற பழைய கப்பல்களிலிருந்து உதிரிபாகங்களைக் கழற்றிக்கொண்டு போனது. 1976இல் சோவியத் விமானி ஒருவர் மிக்-25 விமானத்தோடு ஜப்பானின் ஹகோடாடேயில் வந்து இறங்கினார். அதைப் பிரித்துப் பார்த்தவர்கள் உள்ளே வால்வு ரேடியோ காலத்து மின்குழல்களைக் கண்டு முதலில் சிரித்தார்கள். அணுவெடிப்பின் மின்காந்த அலையை அவை தாங்கும் என்பது பிறகுதான் உறைத்தது. பழமை சில சமயம் கவசம்.

இத்தோடு நின்றிருந்தால் கேலக்டிகா ஒரு நல்ல தந்திரக் கதையாக முடிந்திருக்கும். அது அங்கேதான் தொடங்குகிறது. குண்டு இல்லாத கப்பல் முதலில் போகும் இடம் ஒரு கிடங்கு: வாயுக்கோள் ஒன்றின் புயலுக்குள் மறைந்திருக்கும் ரக்னார் தளம். அடாமாவுக்குத் திரும்பிப்போய் மோத ஆசை. போர் முடிந்துவிட்டது, நாம் தோற்றுவிட்டோம், இனி உயிரோடிருப்பவர்களைக் கொண்டு பிள்ளை பெறப் பார்ப்போம் என்று அவருக்குச் சொல்பவர் அந்தக் கல்வி அமைச்சர்தான். மேலே இருந்த அத்தனை பேரும் இறந்துவிட்டதால் லாரா ரோஸ்லின் இப்போது அதிபர். அவர் எடுக்கும் முதல் பெரிய முடிவும் போக்குவரத்துக் கணக்குதான்: தாவும் எந்திரம் இல்லாத பயணிகள் கப்பல்களை அங்கேயே விட்டுப்போக வேண்டும். விடுகிறார்கள். எஞ்சிய அறுபது சொச்சம் கப்பல்களில் ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர். ரோஸ்லின் ஒரு வெள்ளைப் பலகையில் அந்த எண்ணை எழுதி வைத்து, சாவு விழும்போதெல்லாம் அழித்துத் திருத்துகிறார்.

யமாட்டோ காட்டும் எண் நாட்கள், கேலக்டிகா காட்டும் எண் ஆட்கள். நாள் எண் தானாகக் குறையும், அதை யாரும் கூட்டமுடியாது. ஆள் எண் யாரோ ஒருவரின் முடிவால் குறைகிறது, பிறப்பால் கூடுகிறது. அதனால்தான் பின்னதில் ஒவ்வொரு கழித்தலுக்கும் பொறுப்பாளி இருக்கிறார்.

தொடரின் முதல் பகுதி ‘33’. முப்பத்து மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை சைலான்கள் வந்துவிடுகிறார்கள். ஐந்து நாளுக்கு மேல் யாரும் தூங்கவில்லை. 237 முறை தாவியாகிவிட்டது. இங்கே தீர்ந்துகொண்டிருக்கும் சரக்கு தூக்கம். விமானிகளுக்கு விழிப்பு மாத்திரை கொடுக்கிறார்கள். வேறெந்த விண்வெளித் தொடரும் தூக்கத்தை இருப்புக் கணக்கில் எழுதி நான் பார்த்ததில்லை. அடுத்த பகுதியின் பெயரே ‘தண்ணீர்’. கப்பலின் தொட்டிகளில் குண்டு வெடித்து இருப்பில் பாதிக்கு மேல் விண்வெளிக்குக் கொட்டிப்போகிறது. கேலக்டிகா தன் தண்ணீரைச் சுத்திகரித்து மீண்டும் மீண்டும் பயன்படுத்தும்படி கட்டியது. கூட வரும் பல கப்பல்கள் அப்படி இல்லை. அவற்றுக்கெல்லாம் கேலக்டிகாதான் தாய்த்தொட்டி. ஒரு நிலவில் பனிக்கட்டியாகத் தண்ணீர் கிடைக்கிறது. கதை அத்தோடு முடியவில்லை. வெட்டி எடுக்க ஆள் வேண்டுமே? மூன்றாம் பகுதி முழுவதும் கைதிக் கப்பலிலிருந்து கூலியாள் பிடிப்பது பற்றியது. வளம் கிடைப்பதற்கும் கைக்கு வருவதற்கும் நடுவே உழைப்பு என்று ஒன்று இருக்கிறது என்பதைத் தொடர் இவ்வளவு சீக்கிரம் சொல்லிவிடுகிறது.

அதன்பின் விமானிகள். ஒரு கொண்டாட்டத்தின்போது தளத்தில் நடந்த விபத்தில் 13 பேர் சாகிறார்கள். விமானம் இருக்கிறது, ஓட்ட ஆளில்லை. ஸ்டார்பக் என்ற கேரா திரேஸ் வேண்டாவெறுப்பாகப் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டியிருக்கிறது. அதன்பின் எரிபொருள். டைலியம் தீரப்போகிறது, எதிரி காவல் காக்கும் சுரங்கத்தைப் பிடிப்பதைத் தவிர வழியில்லை. கேலக்டிகா தானாகப் போய்த் தொடுக்கும் தாக்குதல்களில் மிக நேர்த்தியான அது, ஒரு பெட்ரோல் பங்க்கைப் பிடிக்கும் சண்டைதான். அதன்பின் உணவு: பதப்படுத்திய இருப்பு கெட்டுப்போய், பாசி தின்று பிழைக்க ஒரு கோளைத் தேடிப் போகிறார்கள். வழியில் கதிர்வீச்சில் ஒரு விமானி சாகிறாள்.

இவற்றுக்கெல்லாம் மேலாக நான் வைப்பது மூன்றாம் பருவத்தில் வரும் ‘அழுக்குக் கைகள்’ என்ற பகுதி. சுத்தமில்லாத எரிபொருளால் ஒரு ராப்டர் விமானம் கோளாறானதில் அதிபரின் கப்பலே சேதமடைகிறது. விசாரித்துக்கொண்டு டைலியம் சுத்திகரிப்புக் கப்பலுக்குப் போனால், அங்கே பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். அப்பன் பார்த்த வேலையை மகன் பார்க்கும் நிலை வந்துவிட்டது. மாற்றிவிட ஆளில்லை, விடுப்பில்லை. கேலக்டிகாவின் தலைமை மெக்கானிக் டைரல் வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்குகிறார். அடாமா சுட்டுக்கொல்வதாக மிரட்டும் அளவுக்குப் போகிறது. எரிபொருளை இயற்பியல் பிரச்சினையாக எழுதிய புனைவுகள் ஆயிரம் உண்டு. அதைத் தொழிற்சங்கப் பிரச்சினையாக எழுதியது இது.

மூர் இங்கே வந்து சேர்ந்ததற்கு ஒரு பின்கதை இருக்கிறது. அவர் ‘ஸ்டார் டிரெக்’ தொடர்களில் எழுதி வளர்ந்தவர். ‘வாயேஜர்’ தொடரில் சிறிது காலம் இருந்துவிட்டு மனக்கசப்போடு வெளியேறினார். வீட்டிலிருந்து எழுபத்தைந்து ஆண்டுப் பயணத் தூரத்தில் தனியாகச் சிக்கிய கப்பல் வாயேஜர். ஆனால் தரைவிரிப்பில் அழுக்குப் படியாது. ஆரம்பத்தில் 38 டார்பிடோ மட்டுமே இருக்கிறது, மாற்று கிடையாது என்று ஒரு வசனம் வரும். பிறகு அவர்கள் சுட்டதை எண்ணிய ரசிகர்கள் 38ஐ எப்போதோ தாண்டிவிட்டார்கள். கேலக்டிகா அந்தத் தொடருக்கு மூர் எழுதிய பதில் என்றே படிக்கலாம். கிடங்கு விஷயத்தில் யமாட்டோவும் வாயேஜரும் ஒரே குடும்பம்.

பெகாசஸ் என்ற இன்னொரு போர்க்கப்பல் வரும்போது ஒப்பீடு கேலக்டிகா தொடருக்குள்ளேயே நடக்கிறது. அது கேலக்டிகாவைவிடப் பெரிய, புதிய கப்பல். வைப்பர்களைத் தானே தயாரித்துக்கொள்ளும் வசதி உண்டு. யமாட்டோவின் உள்தொழிற்சாலை இங்கே எதிர்வீட்டில் இருக்கிறது. ஆனால் அந்தப் பளபளப்புக்குப் பின்னால் ஒரு கணக்கு. அட்மிரல் கெய்ன் வழியில் சந்தித்த பயணிகள் கப்பல்களின் எந்திரங்களைக் கழற்றிக்கொண்டு, பயன்படும் ஆட்களை மட்டும் பிடித்துக்கொண்டு, மற்றவர்களை விட்டுவிட்டு வந்தவர். போர் நோக்கில் அது சரியான சரக்கு நிர்வாகம். வாலை வெட்டிவிட்ட படை வேகமாக ஓடும். அடாமா அந்த வாலைச் சுமக்கிறார், அதனால் மெலிகிறார். அவர் கப்பலும் யோக்கியம் இல்லை: அவர் படுத்த படுக்கையாக இருந்தபோது அவருடைய துணைத் தளபதி கர்னல் டை இராணுவ ஆட்சி அறிவித்தார், சரக்கு தர மறுத்த கிடியான் கப்பலுக்குப் போன வீரர்கள் கூட்டத்தை நோக்கிச் சுட்டதில் நால்வர் செத்தார்கள். பெகாசஸ் செய்ததைக் கேலக்டிகா சிறிய அளவில் செய்துவிட்டது.

இப்போது உடல். யமாட்டோவின் உடல் காயமாறும். கேலக்டிகாவின் உடல் தேய்கிறது. கரிப்புகை அப்பிய பக்கங்களை யாரும் துடைப்பதில்லை. உலோகம் கிடைக்காதபோது டைரல் கழிவுப் பாகங்களையும் கார்பன் தகடுகளையும் வைத்து ஒரு விமானத்தை ஒட்டுப்போட்டுக் கட்டுகிறார். கடைசிப் பருவத்தில் கப்பலின் எலும்பிலேயே விரிசல் கண்டுபிடிக்கிறார்கள். கட்டியபோதே சில இடங்களில் ஒப்பேற்றியிருக்கிறார்கள் என்பதும் அப்போதுதான் தெரிகிறது. இத்தனை காலம் வணங்கிய கப்பலின் அடியில் ஓர் ஒப்பந்தக்காரரின் சில்லறைத் திருட்டு. விரிசலை அடைக்க எதிரியின் உயிர்ப்பசையைப் பூச வேண்டியிருக்கிறது. அதற்கு அடாமா சம்மதிக்கும் நேரம், தொடரின் எந்தச் சண்டையையும்விடக் கனமானது.

இவ்வளவு சொன்னபின் யமாட்டோவைத் தூக்கி எறிவேன் என்று நினைக்கக்கூடாது. கேலக்டிகாவுக்குக் கனவு காண வராது. 1974இல் ஜப்பானில் ‘யமாட்டோ’ என்று ஒரு கப்பலை வானில் ஏற்றுவது எளிய காரியமில்லை. போர்வெறியைத் திரும்ப அழைக்கிறீர்களா என்ற கேள்வி அன்றும் எழுந்தது, இன்றும் எழுகிறது. தொடர் அந்தக் கேள்வியிலிருந்து முழுக்கத் தப்பவில்லை. ஆனால் போகும் வழிக்கு மட்டும் எண்ணெய் கொடுத்து அனுப்பப்பட்ட கப்பலுக்கு, போய்த் திரும்பிவர வேண்டிய பயணத்தை அது கொடுத்தது. தலைவர் ஒகிட்டா பூமி கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நோயால் இறக்கிறார். கப்பல் வீடு சேர்கிறது. திரும்பி வருவதுதான் இந்தத் தொடரின் வெற்றி. எதிரியைக் கொன்றது இல்லை. கமிலாஸின் இடிபாட்டைப் பார்த்து நாயகன் கொடாய் அழுகிறான்.

கேலக்டிகா தன் முடிவில்தான் தோற்கிறது. எஞ்சிய சுமார் 38,000 பேரும் ஒரு புதிய பூமியைக் கண்டு இறங்கியதும், எல்லாக் கப்பல்களையும் சூரியனுக்குள் ஓட்டிவிட்டு, வெறுங்கையோடு புல்வெளியில் பரவிவிடுகிறார்கள். நாலு வருடமாக ஒரு போல்ட்டுக்கும் கணக்கு வைத்தவர்கள், மருந்தையும் மருத்துவக் கருவியையும் சூரியனுக்குக் கொடுக்கிறார்கள். ஒருவரும் எதிர்க்கவில்லை என்பது அதைவிட நம்பமுடியாதது. சுத்திகரிப்புக் கப்பலில் வேலைநிறுத்தம் செய்த அந்த மக்களா இவர்கள்? எழுத்தாளர்கள் கடைசியில் தாங்களும் ஓர் அலை இயக்க எந்திரத்துக்கு ஆசைப்பட்டுவிட்டார்கள்.

ஆனாலும் போர் என்பது என்ன என்று தெரிந்துகொள்ள இரண்டில் ஒன்றைத்தான் பார்க்கமுடியும் என்றால் கேலக்டிகாதான் என் தேர்வு. முதல் பருவத்தின் ‘33’, ‘தண்ணீர்’ இரண்டையும், பிறகு ‘அழுக்குக் கைகள்’ பகுதியையும் பாருங்கள். யமாட்டோவில் முதல் மூன்று பகுதிகள் போதும். அதற்கு முன் 1945 ஏப்ரலில் தொகுயாமாவில் நடந்ததைப் படித்துவிடுங்கள். கேலக்டிகாவின் கடைசி ஒரு மணி நேரத்தைத் தவறவிட்டாலும் உங்களுக்கு நஷ்டமில்லை.